எங்கிருந்து? எதைவிட?

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆக இலகுவான பாடம் எது என்று கேட்டால், யார் வளர்த்தி, யார் கட்டை என்று பார்க்கும் பாடத்தைத்தான் நம்மில் பலர் சொல்வோம். அதற்கு எண் தெரியத் தேவையில்லை. எழுத்தும் தெரியத் தேவையில்லை. இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்தி, "இவர் உயரம், இவர் கட்டை" என்று காட்டிவிட்டால் பாடம் முடிந்துவிட்டது. வீடுகளிலும் முன்பள்ளிகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

என் கருத்து இதற்கு மாறானது. உயரத்தை ஒப்பிடுவது ஒரு பிள்ளை கற்கும் முதல் கணிதப் பாடங்களில் ஒன்று. நீதியைப் பற்றிய முதல் பாடமும் அதற்குள் இருக்கிறது. அதைப் பிழையாகச் சொல்லிக்கொடுத்தால் கணக்கும் பிழைக்கும், பிள்ளையின் மனமும் நோகும். சரியாகச் சொல்லிக்கொடுக்க விலையுயர்ந்த உபகரணம் எதுவும் வேண்டாம். இரண்டு கேள்விகளைப் பிள்ளையின் வாயில் பழக்கிவிட்டால் போதும். ஒன்று, எங்கிருந்து? மற்றது, எதைவிட?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றைக் கதிரையில் ஏற்றிவிட்டுப் பாருங்கள். "நான் வாப்பாவைவிட வளர்த்தி" என்று சத்தம் போடும். நாம் அதைக் குறும்பு என்று எண்ணிச் சிரிக்கிறோம். பிள்ளை பெரும்பாலும் அதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறது. அந்த வயதில் அது உச்சியைத்தான் பார்க்கிறது, அடியைப் பார்ப்பதில்லை.

ஜீன் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர், அலினா ஷெமின்ஸ்கா ஆகிய மூவரும் 1948 இல் வெளியிட்ட நூலொன்றில் இதைப் பற்றிய பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு மேசையில் கட்டைகளை அடுக்கி ஒரு கோபுரம் வைத்தார்கள். அதைவிடத் தாழ்வான இன்னொரு மேசையில் அதே அளவு உயரமான கோபுரத்தைக் கட்டும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். சிறிய பிள்ளைகள் இரண்டு உச்சிகளும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் சரி என்று நிறுத்திவிட்டார்கள். மேசைகளின் உயரம் வேறு என்பது அவர்களுடைய கணக்கிலேயே வரவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கைகளை விரித்துப் பிடித்தும், கோபுரத்தின் உச்சியும் அடியும் தங்கள் உடம்பில் எந்த இடத்துக்கு வருகின்றன என்று குறித்துக்கொண்டும் அளந்தார்கள். அதற்கும் பிறகுதான் ஒரு தடியை எடுத்து அளக்கும் யோசனை வந்தது. ஒப்பிடல் என்பது கண்ணைத் திறந்ததும் தானாக வருவதில்லை, படிப்படியாக வளர்வது என்பதை இந்தப் பரிசோதனை காட்டுகிறது.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நேரும் பிழை என்று நினைக்க வேண்டாம். 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, நாம் பாவா ஆதம் மலை என்று அழைக்கும் சிவனொளிபாத மலையைத் தொலைவில் கடலிலிருந்தே கண்டு வியந்தார். உலகின் மிக உயர்ந்த மலைகளில் ஒன்றாக அதை எழுதியும் வைத்தார். அதன் உயரம் 2243 மீற்றர். நம் நாட்டின் ஆக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2524 மீற்றர். அதாவது 281 மீற்றர் கூடுதல். ஆனாலும் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் நாம் பீதுருதாலகாலையை அண்ணாந்து பார்த்து வியந்து நிற்பதில்லை. நுவரெலியா நகரமே 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவரின் கண்ணுக்கு மலையில் 650 மீற்றர் அளவே மிச்சம் தெரியும். பாவா ஆதம் மலையோ தாழ்நிலத்தை நோக்கித் தனியே கூம்பாக எழுந்து நிற்கிறது. இரண்டையும் கடல் மட்டம் என்ற ஒரே அடியிலிருந்து அளந்தால்தான் எது கூடியது என்பது விளங்கும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அழுத்த சக்தியைக் கணிக்கும்போது, எந்த மட்டத்திலிருந்து என்று முதலில் தீர்மானிக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. பதினேழு வயதில் நாம் எழுதும் அந்த முதல் வரியை ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டாகவே கொடுத்துவிடலாம்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இன்று கொழும்பில் தெருவுக்குத் தெரு மொண்டிசோரி என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அவருடைய முறையில் பத்துச் சிவப்புத் தடிகள் உண்டு. ஆகச் சிறியது 10 சென்ரிமீற்றர், ஆகப் பெரியது 100 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றும் முந்தியதைவிட 10 சென்ரிமீற்றர் கூடியது. பிள்ளை அவற்றைப் பாயில் வரிசையாக அடுக்கும்போது ஒரு பக்கத்து முனைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அந்தப் பக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் படிக்கட்டுப் போல அழகாக இறங்கும். ஒரு முனை கோணினாலும் படி குழம்பிவிடும். ஆசிரியை "பிழை" என்று சொல்லத் தேவையில்லை, தடிகளே சொல்லிவிடும்.

சிவப்புத் தடிகள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? பாமன்கடையில் எங்களைப் போலத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு முற்றம் கிடையாது. ஆனால் படிக்கட்டு இருக்கிறது. ஒரு படியில் சீனிப் போத்தலையும் அதற்கு மேல் படியில் ஒரு பால்மாப் பேணியையும் வையுங்கள். எது உயரம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிறகு இரண்டையும் ஒரே படியில் வைத்து மீண்டும் கேளுங்கள். விடை மாறும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அங்கேதான் பாடம் நடக்கிறது. நாம் விளக்கம் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விளையாட்டுக்கு விளக்குமாற்று ஈர்க்கு போதும். வெவ்வேறு நீளமுள்ள ஐந்து ஈர்க்குகளை, நுனிகள் மட்டும் ஒரே மட்டத்தில் தெரியும்படி கைக்குள் பொத்திப் பிடியுங்கள். எல்லாம் சமம் என்று பிள்ளை சொல்லும். ஒவ்வொன்றாக இழுக்கச் சொல்லுங்கள். ஒன்று சின்ன விரல் அளவுக்கு வரும், ஒன்று முழங்கை அளவுக்கு வரும். உச்சி ஒன்றாக இருந்தாலும் மறைந்திருக்கும் அடி வேறாக இருக்கலாம் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

மூன்றாவது, நூல். அறைக்குள் இருக்கும் அலுமாரியையும் குசினியில் இருக்கும் பிரிட்ஜையும் அருகருகே கொண்டுவர முடியாது. எது உயரம் என்று எப்படிச் சொல்வது? தரையிலிருந்து அலுமாரியின் உச்சிவரை நூலைப் பிடித்து வெட்டி, அதைக் குசினிக்குக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். அலுமாரி நூலுக்குச் சமம், பிரிட்ஜ் நூலைவிடக் கட்டை, ஆகவே பிரிட்ஜ் அலுமாரியைவிடக் கட்டை. இதைத் தானாகச் சொல்லும் பிள்ளை தர்க்கத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இதன் பிறகுதான் சாண், அடிக்கோல், சென்ரிமீற்றர் எல்லாம் அர்த்தத்தோடு வரும். அன்றைய ரஷ்யாவில் டேவிடோவ் என்ற கல்வியாளர் உருவாக்கிய பாடத்திட்டத்தில், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எண்களைத் தொடுவதற்கு முன்பே நீளம், பரப்பு, கனவளவு ஆகியவற்றை இப்படி ஒப்பிட்டுப் பழகினார்கள்.

நூல் எட்டாத உயரங்களும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனாக் கோட்டைக்கு அருகே நின்று ஒரு மலையின் உயரத்தைக் கோணங்களால் அளந்தார். அந்த உயரத்தைக் கொண்டு பூமியின் ஆரையையும் கணித்தார். அந்தக் கணக்குக்கும் சமவெளி என்ற ஓர் அடி தேவைப்பட்டது.

இனி இரண்டாவது கேள்வி. எதைவிட?

நம் தமிழில் இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டை ஒப்பிடும்போது டோல் என்ற சொல் டோலர் என்று மாறும். தமிழில் உயரம் என்ற சொல் மாறாது. ஒப்பிட வேண்டுமானால் "விட" என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டும். "விட" வந்தால் அதற்கு முன்னால் ஒருவரின் அல்லது ஒன்றின் பெயர் வந்தே தீர வேண்டும். "கதவைவிட அலுமாரி கட்டை." "கோப்பையைவிடப் போத்தல் உயரம்." இப்படி முழு வசனமாகப் பேசும் பிள்ளைக்கு, உயரம் ஒரு பொருளுக்குள் மட்டும் இருப்பதில்லை, இரண்டு பொருள்களுக்கு இடையில் இருக்கிறது என்பது விளங்கும். அதே போத்தல் அலுமாரியைவிடக் கட்டைதானே.

இந்த "விட" என்ற சிறிய சொல்லைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "இது வளர்த்தி, அது கட்டை" என்று முடித்துவிடுகிறோம். போத்தலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதோ ஒப்பிடல் போய்ப் பட்டப்பெயர் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு சிறுமியை, அவள் படித்த முன்பள்ளியில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் முன்னால் அழைத்து, "கட்டை" என்பதற்கு உதாரணமாக நிறுத்துவார்கள். யாரும் அவளைத் துன்புறுத்த நினைக்கவில்லை. வகுப்பில் வசதியான உதாரணம் அவள்தான், அவ்வளவே. அவளுக்கு இப்போது ஏழு வயது. யார் படம் எடுத்தாலும் நுனிக்காலில் நிற்கிறாள். கட்டை என்ற சொல்லை அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ள வேண்டியிருந்த கணிதம் அங்கே எங்கே போயிற்று?

"பெரிய" என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. பெரியவர் என்றால் வயதில் மூத்தவர், பெரிய என்றால் உருவத்தில் கூடியது. சிறு பிள்ளைகள் உயரத்தையும் வயதையும் ஒன்றாக எண்ணுவார்கள் என்பதைப் பியாஜே தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நம் மொழி அந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் உதவியும் செய்கிறது. தம்பி நானாவைவிட வளர்ந்துவிட்டால், "இப்ப யார் நானா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பில் சேராமல் நிற்கும் நானாவை யாரும் கவனிப்பதில்லை. மூத்தவர், உயரமானவர் என்று இரண்டையும் தனித்தனிச் சொற்களால் சொல்லப் பழகினால் பாடமும் தெளிவாகும், வீடும் கொஞ்சம் அமைதியாகும். அப்படியே நீளம், உயரம், தடிப்பு என்பவற்றையும் "பெரிசு" என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்காமல் பெயர் சொல்லிப் பழக்கலாம்.

பிள்ளைகளைப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதில் எங்கிருந்து என்ற முதல் கேள்வியும் கூடவே வருகிறது. நம் நாட்டில் தரம் ஒன்றில் சேர, அந்த ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஆகவே ஒரே வகுப்பில் இருக்கும் ஆக மூத்த பிள்ளைக்கும் ஆக இளைய பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் ஒரு பிள்ளை ஒரு வருடத்தில் 6 சென்ரிமீற்றர் அளவு வளரும். ஜனவரி 30 இல் ஐந்து வயது முடிந்த பிள்ளையையும், முந்திய பெப்ரவரியிலேயே முடித்துவிட்ட பிள்ளையையும் அருகருகே நிறுத்துவது, ஒருவரைக் கீழ்ப்படியிலும் மற்றவரை மேல்படியிலும் நிறுத்துவதைப் போன்றது. இன்னும் சில வருடம் போனால் வரிசை வேறு விதமாக மாறும். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு வருடம் முந்தியே வேகமாக உயரத் தொடங்குவார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பல வீடுகளில் தங்கச்சி நானாவை எட்டிப் பிடிப்பது இதனால்தான். சில வருடம் கழித்து நானா மீண்டும் முந்திவிடுவார். ஆறு வயதில் வைத்த பெயரோ மாறாமல் இருக்கும்.

பெண் பிள்ளைகளான நமக்கு அந்தப் பெயர் இன்னும் நீண்ட தூரம் கூடவே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பகுதியைப் பாருங்கள். வயது, படிப்பு, நிறம், அதன் பக்கத்தில் அடி, அங்குலத்தில் உயரம். அந்த இரண்டு எண்களால் ஒரு பெண்ணின் படிப்பும் குணமும் பின்னால் தள்ளப்படுவதை நம் உறவினர் வீடுகளில் கேட்டிருக்கிறோம். முன்பள்ளியில் பாடத்தைத் திருத்தினால் கல்யாணப் பேச்சுகள் எல்லாம் திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயரத்தை ஒரு மனிதரின் மதிப்பாகப் பார்க்கும் பழக்கம் எங்கோ ஓரிடத்தில் தொடங்குகிறது. அது ஐந்து வயதிலேயே தொடங்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இருப்பார்கள். "பிள்ளைகள் தாங்களாகவே முதுகோடு முதுகு நின்று அளந்து பார்க்கிறார்களே, அதில் எவ்வளவு சந்தோசப்படுகிறார்கள்? அதையும் தடுப்பதா?" என்று கேட்கலாம். தடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாங்களாக விளையாடுவது வேறு, ஆசிரியை ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்திப் பெயர் வைப்பது வேறு. விளையாட்டில் இன்று தோற்றவர் நாளை சப்பாத்தோடு வந்து வெல்வார். அப்போது "சப்பாத்தைக் கழற்று" என்று மற்றப் பிள்ளை சத்தம் போடும். அடி ஒன்றாக இருக்க வேண்டும் என்ற சட்டத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னும் சிலர், "உண்மையைத்தானே சொல்கிறோம், கட்டையான பிள்ளையைக் கட்டை என்று சொல்லாமல் எப்படி?" என்பார்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. முழு உண்மையைச் சொல்லுங்கள் என்கிறேன். யாரைவிட, எந்த வயதில், எங்கிருந்து அளந்து? இவை இல்லாத உண்மை பாதி உண்மைதான்.

பிள்ளையின் உயரத்தை நிச்சயமாக அளக்கத்தான் வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவேடு தரப்படுகிறது. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். கிளினிக் கார்ட் என்று நம் உம்மாமார் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான். அதிலுள்ள வளர்ச்சி வளைகோட்டில் மிட்வைஃப் மிஸ் புள்ளி வைக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. பிள்ளையை அதன் வயதோடும், அதன் முந்திய புள்ளிகளோடும் ஒப்பிடுகிறார். அளப்பதிலும் எவ்வளவு கவனம்! இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். ஒரே பிள்ளை நிற்கும்போது இருப்பதைவிடப் படுக்கும்போது 0.7 சென்ரிமீற்றர் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்களின் வரலாறும் நாம் அறிய வேண்டியது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை ஏறத்தாழ 8500 பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமான சூழலும் கிடைத்த பிள்ளைகள், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் முதல் ஐந்து வயதில் பெரும்பாலும் ஒன்றுபோலவே வளர்கிறார்கள் என்று தெரிந்தது. இலங்கையில் 2016 இல் நடந்த குடிசனவியல், சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100 பேருக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரத்தை எட்டவில்லை. தோட்டப் பகுதிகளில் அது 100 பேருக்கு ஏறத்தாழ 32 பேர். நாம் காலையில் குடிக்கும் தேத்தண்ணிக்குக் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து "மலையகத்துப் பிள்ளைகள் கட்டைதானே" என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! அவர்களுக்குக் கிடைத்த உணவும் வீடும் தண்ணீரும்தான் அவர்கள் நிற்கும் தரை. அந்தத் தரையைப் பார்க்காமல் உச்சியை மட்டும் பார்ப்பது, மேசையைக் கவனிக்காமல் கோபுரம் கட்டிய நான்கு வயதுப் பிள்ளை செய்வதுதான். பிள்ளைக்கு அது வயதுக்குரிய பிழை. நமக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே முன்பள்ளி ஆசிரியைகளிடமும் தாய்மாரிடமும் என் பணிவான வேண்டுகோள் இது. பாடத்தைப் பொருள்களோடு தொடங்குங்கள். போத்தல், பேணி, ஈர்க்கு, நூல் எதற்கும் மனம் நோகாது. ஒவ்வொரு முறையும் "விட" சேர்த்து முழு வசனமாகச் சொல்லவையுங்கள். பிள்ளையின் உயரத்தை அளக்கும்போது அதன் பழைய கோட்டோடு அளவுங்கள். கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடும் திகதியும் போதும். சப்பாத்தைக் கழற்றி, குதிகாலும் முதுகும் தலையின் பின்பக்கமும் நிலையில் படும்படி நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு கீறுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் கீறுங்கள். "நோன்புப் பெருநாளைக்கு இருந்ததைவிட இப்ப நான் வளர்த்தி" என்று பிள்ளை சொல்லும். அந்த வசனத்தில் "விட" இருக்கிறது, அடியும் ஒன்றாக இருக்கிறது, தோற்றவர் யாரும் இல்லை.

நம் கல்லூரியில் என்னோடு படிக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு வீட்டில் தம்பி, தங்கச்சி இருக்கிறார்கள். உம்மாமாருக்கு வேலை கூடிய வீடுகளில் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது நாம்தான். உயர்தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை முன்பள்ளிகளில் கற்பிக்கப் போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். தொழுகையில் சப்பில் நிற்கும்போது குதிகாலை ஒரே கோட்டில் சேர்க்கத்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். தலைகள் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே பழக்கத்தை அளவுப் பாடத்துக்கும் கொண்டுவருவோம். அடுத்த முறை ஒரு பிள்ளை நம்மிடம் வந்து "நான் உயரமா?" என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ அவசரப்பட வேண்டாம். "எதைவிட?" என்று திருப்பிக் கேட்டு, ஒரு நூலைக் கையில் கொடுப்போம்.